நாற்பத்து மூன்றாம் எண்

ஊசி தானாகவே ஒரு துளைக்குள் இறங்கிவிட்டது. தங்கபுஷ்பம் குத்தவே இல்லை. நீலக் கவுனின் இடது மார்புப் பக்கம் நுனியை வைத்தாள், அவ்வளவுதான். வழி தெரிந்த ஆள் சந்துக்குள் நுழைகிற மாதிரி அது உள்ளே போய்விட்டது. சரி, துணி பழசு, அங்கங்கே இழை விட்டிருக்கும் என்று சிவப்பு நூலை இழுத்துக்கொண்டு அடுத்த தையலுக்கு ஊசியை நகர்த்தினாள். அங்கேயும் ஒரு துளை. ரெண்டு மணிச் சங்கு ஊதி அடங்கி, சாப்பாட்டுக்கு வந்திருந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் ஓய்ந்தால் நாலு மணிச் சங்கு வரைக்கும் தெருவில் ஈ காக்கை இருக்காது. நாலு மணிக்குச் சேவிகா அம்மா வந்துவிடுவார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் பெண்கள், பிள்ளைகள் நலம் பார்க்கிற முக்கிய சேவிகா. பெயர் சொர்ணம், ஆனால் அந்தப் பெயர் அவரைப் பெற்றவர்களுக்கே மறந்திருக்கும், ஊர் முழுக்கச் சேவிகா அம்மாதான். கறுப்புக் குடையும் அட்டை போட்ட பெரிய நோட்டும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வந்து, தங்கபுஷ்பத்தின் ஒன்பது வயது மகள் செல்வக்கனியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி, தெற்கே இருக்கிற குருட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அதற்குள் அவர் கொடுத்துவிட்டுப் போன ரெண்டு கவுனிலும் எண் தைத்து முடித்திருக்க வேண்டும். தொண்ணூறு பிள்ளைகளுக்கும் தைக்க அங்கே இருக்கிற ஒரே ஆயாவால் ஆகாதாம், வீட்டிலேயே தைத்து அனுப்புவதுதான் வழக்கமாம். சிவப்பு நூல், இடது மார்பு, ஒரு விரல் உயரம். நாற்பத்து மூன்று. புதுக் கவுனைக் காலையிலேயே முடித்தாகிவிட்டது. அது மொடமொடவென்று ஊசியோடு மல்லுக்கட்டியது. இந்தப் பழைய கவுன் மல்லுக்கட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்தில் கனி தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற நாளும் அதுவுமாக எதற்கடி என்று கேட்டதற்கு, “கை சும்மா இருந்தா பயமா இருக்கும்மா” என்றாள். மெல்லிய மரச்சில்லை மடக்கி, நீலத்தாளில் பசை தடவி, ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. தூக்கிப் போட்டால் முறத்துக் குவியலில் விழும். கண்ணிருக்கிற பிள்ளைகள் நாலு ஒட்டுவதற்குள் அவள் ஆறு ஒட்டிவிடுவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் பேச்சியம்மாள், இந்தக் கையை வைத்துக்கொண்டு இதற்கு எழுத்து எதற்கு என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் கூடுதல். எழுத்து எதற்கு என்று தங்கபுஷ்பத்துக்கும் தெரியாது. கனிக்குத்தான் தெரியும். சேவிகா அம்மா போன மாதம் ஒரு தடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும், அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலிருந்து கழன்ற ஒரு தாள். அன்று ராத்திரி முதல் அது கனியின் பாய்க்கு அடியில்தான் இருக்கிறது. விடிந்ததும் எடுத்து விரலால் தடவுவாள், மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. என்ன எழுதியிருக்குதும்மா என்பாள். எனக்கென்ன தெரியும், எனக்கு இருக்கிற எழுத்தே தெரியாது என்று இவள் சொல்வாள். பாதிப் புள்ளிகள் இப்போது தேய்ந்தே போய்விட்டன. தேயத் தேய அவளுக்கு ஆத்திரம் அதிகமாகிக்கொண்டு வந்தது. சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஊசி மறுபடி இறங்கியது. நாலின் குறுக்குக்கோட்டில் இது மூன்றாவது துளை. ஒன்று, ரெண்டு என்றால் இழை விட்டது என்று சொல்லலாம். வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரு நெல் அகலத்துக்கு ஒன்றாக இழை எங்கேயாவது விடுமா?

அவள் கவுனைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உடனே கீழே இறக்கினாள். பார்க்க வேண்டாம். நேரமில்லை. மூன்றை முடிக்க வேண்டும், பித்தளைத் தட்டையும் தம்ளரையும் துணியில் சுற்ற வேண்டும், கனிக்குத் தலை பின்ன வேண்டும். எண் என்றால் வெறும் எண் இல்லை என்று சேவிகா அம்மா விளக்கியிருந்தார். படுக்கிற பாய்க்கு அதே எண், தட்டு வைக்கிற மாடத்துக்கு அதே எண், துணி மாட்டுகிற ஆணிக்கு அதே எண். ஒரு பிள்ளை போனால்தான் இன்னொரு பிள்ளைக்கு எண் வரும். இந்த நாற்பத்து மூன்று போன மாதம் வந்தபோது தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏனென்றால் ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் கனிக்கு வந்தது இதே நாற்பத்து மூன்றுதான். அச்சாபீஸில் லேபிள் அடிக்கிற அவள் புருஷன் ராஜமணி அப்போது யூனியன் ஆபீஸுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன் அன்றைக்கு மட்டும் எப்படிப் பேசினானோ. யூனியன் ஆபீஸ் வந்த புதுசு. கண்ணில்லாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கால் சூம்பின பிள்ளை என்று நோட்டோடு வந்து எழுதினார்கள். எழுத வந்த அன்று இந்தத் தெருவில் அப்படி ஒரு பிள்ளைகூட இருக்கவில்லை. எல்லார் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டு போய் ஊசி போட்டுப் பார்ப்பார்கள், மதம் மாற்றுவார்கள், பலியாகப் பாலத்துக்கு அடியில் புதைப்பார்கள் என்று ஆளுக்கொரு கதை. தங்கபுஷ்பம் அந்தக் கதையையெல்லாம் நம்பவில்லை. ஆனால் கூட்டிப் போக ஆள் வந்த அன்று அவள் கனியை இழுத்துக்கொண்டு போய், காலிப் பெட்டி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மூச்சுக் காட்டாதே என்று வாயைப் பொத்திச் சொல்லிவிட்டு வந்து, பிள்ளை அவள் அத்தை ஊருக்குப் போய்விட்டாள், இங்கே இல்லை என்று சொன்னாள். சேவிகா அம்மா குடையை மடக்கி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நோட்டைத் திறந்து ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி கனி கேட்டாள், “நான் இங்கதான இருந்தேன், ஏம்மா இல்லேன்னு சொன்ன?” அந்தக் கேள்வி ரெண்டு வருஷமாக இவள் கூடவே இருந்தது. அதனால்தான், போன மாதம் அதே எண் திரும்ப வந்ததும், ஐயோ எம்பிள்ளைக்காகவே எடுத்து வைத்திருந்தார்கள் போலிருக்கே என்று நெஞ்சு குளிர்ந்து போனாள். எடுத்து வைத்திருந்தார்களாம்! தொண்ணூறு பிள்ளைக்கு ஓர் ஆயா இருக்கிற இடத்தில், வராத பிள்ளைக்காக ஒரு பாயை ரெண்டு வருஷம் விரித்தே வைத்திருப்பார்களாக்கும். அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. ஊசியைக் கவுனில் குத்தி நிறுத்தினாள். குத்தின இடத்திலும் துளை இருந்தது.

இப்போது ஒழுங்காகப் பார்த்தாள். பார்க்காமல் இருந்தால்தான் பயம் கூடுகிறது. வெளிச்சத்தில் பிடித்தபோது நீலத்துணியில் ஊசித் துளைகள் சின்னச் சின்னதாக வெளிச்சம் விட்டன. ஒரு நாலு. ஒரு மூன்று. அவள் தைத்த சிவப்பு நூல் அந்த நாலின் மேலேயே அச்சுப் பிசகாமல் போயிருந்தது. தைக்க வேண்டிய மூன்று, முன்கூட்டியே அங்கே காத்துக்கொண்டிருந்தது. யாரோ பொறுமையாக, துணி கிழியாமல், பழைய நூலைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஆயாவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் இந்தக் கவுன் நாற்பத்து மூன்றாம் எண் பிள்ளையுடையது. ரெண்டு வருஷத்துக்கு முந்திக் கனி போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போன பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும், கவுன் சின்னதாகியிருக்கும், வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்திருப்பார்கள், இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. நல்ல காரியம்தான். அவள் கவுனின் கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துக்கு மேலே ரெண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து ஒரு டக் பிடித்துத் தைத்திருந்தது. வளருகிற பிள்ளைக்கு எல்லாத் தாயும் பிடிக்கிற டக். வருஷம் ஒன்றானால் அதைப் பிரித்துவிட்டால் கவுன் ரெண்டு விரல் நீளும், இன்னொரு வருஷம் ஓடும். பிரித்த டக் துணியில் ஒரு கோடு விட்டுவிடும், எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. இதில் கோடு இல்லை. டக் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை. பிள்ளை வளரவில்லை.

கனியின் பக்கத்தில் கூடுகள் விழுந்துகொண்டே இருந்தன. வளரவில்லையென்றால் என்ன, சில பிள்ளைகள் வளர்த்தியில்லாமல் இருக்கும், படிப்புப் பிடிக்காமல் ஊருக்குத் திரும்பியிருக்கும், அம்மா நினைப்பு வந்து அழுது அடம்பிடித்து அப்பன் வந்து கூட்டிப் போயிருப்பான். அதுவும் நடக்கிறதுதான். சேவிகா அம்மாகூட அப்படித்தானே சொன்னார்? என்ன சொன்னார்? கவுன் மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, முன்னால் இருந்த பிள்ளை படிப்பை முடித்துவிட்டதா என்று தங்கபுஷ்பம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். “ஓர் இடம் காலியாச்சும்மா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினார். அப்போதே கவனித்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தால் சத்துணவு, சுத்தம், கொதிக்க வைத்த தண்ணீர் என்று கால் மணி நேரம் நிறுத்தாத வாய், அன்றைக்கு நாலு வார்த்தையில் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பின பிள்ளை கவுனை விட்டுவிட்டுப் போகுமா? கிழியாத கவுன். கைத்தறி. எந்தத் தாய் விட்டுவிட்டு வருவாள்? தங்கச்சிக்கு ஆகும், பக்கத்து வீட்டுக்கு ஆகும், ஒன்றும் இல்லையென்றால் பழந்துணிக்காவது ஆகும். விடமாட்டாள். விடுகிற ஒரே சமயம் எது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அதை நினைக்கக் கூடாது என்றுதான் ரெண்டு மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், ஆனால் மனசு என்ன சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையா. ஆறு வருஷத்துக்கு முந்தி இந்த வீட்டில் அம்மை போட்டபோது ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் போட்டது. மூன்று வயசுக் கனிக்குக் கண்ணை எடுத்துக்கொண்டது. ஆறு மாசத்துச் சின்னவனை முழுசாகவே எடுத்துக்கொண்டது. அவனுக்கு மூன்று சட்டைகள் இருந்தன. வெள்ளையில் பச்சைக் கொடி போட்டது ஒன்று, அது ஒரே ஒரு முறை போட்டது. காரியமெல்லாம் முடிந்து வண்ணாத்தி வந்தபோது தங்கபுஷ்பம் மூன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். புதுசா இருக்கேம்மா என்று அவள் தயங்கினாள். கொண்டுபோ, கொண்டுபோ என்று இவள் கத்தினாள். கிழிந்ததா, புதுசா என்றெல்லாம் பார்க்கத் தெம்பு இருக்கவில்லை. வீட்டில் அது கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். எங்கேயோ ஒரு தாய் அதே மாதிரி இந்த நீலக் கவுனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். எம்பிள்ளையை மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அந்த இடத்துக்கு அவள் பிள்ளை போனது. இல்லை என்று நான் சொன்ன சொல் போய் அந்தப் பிள்ளை தலையில் விழுந்திருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, அவரவர் விதி என்று ஒரு பக்கம் சொல்லிப் பார்த்தாள். சொன்னது நிற்கவில்லை.

“யம்மா, தைக்கிற சத்தம் நின்னு போச்சே” என்றாள் கனி.

“நூலு சிக்கிக்கிருச்சு.”

“சிக்கினா குடு, நான் எடுத்துத் தாறேன்.”

“நீ உன் வேலயப் பாரு தாயி.”

பசை வாசனை. ஈர மாவும் பூச்சி அரிக்காமலிருக்கப் போடுகிற மயில்துத்தமும் கலந்து கொதித்த வாசனை, இந்த வீட்டில் சோற்றிலும் தலைமுடியிலும் அதுதான். அதற்கு மேலே ஒரு நாள் வேறொரு வாசனை வந்தது. போன ஐப்பசியில், எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. யாரோ மருந்து தோய்த்த குச்சியை அடுப்புப் பக்கம் காய வைத்திருக்கிறார்கள். புஸ் என்று ஒரு சத்தம், பிறகு தெருவே ஓடியது. தங்கபுஷ்பமும் ஓடினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினாள். தெருமுனைக்குப் போய் நின்று மூச்சு வாங்கினபோதுதான் கனி நினைப்பு வந்தது. பெற்ற பிள்ளை! திரும்பி ஓடிவந்து பார்த்தால், தாளும் சில்லும் குவிந்து கிடக்கிற இதே இடத்தில், கையில் பசையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். “என்னமோ வாசனை வருதேம்மா, எல்லாரும் எங்க ஓடுறாக?” என்று கேட்டாள். நெருப்பு அந்த வீட்டோடு அடங்கிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் தங்கபுஷ்பத்துக்குச் சரியாகத் தூக்கம் கிடையாது. தான் ஓடினதை அவள் ராஜமணியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தத் தடவை சேவிகா அம்மாவிடம் சரி என்றாள். இங்கே வைத்துக்கொண்டால் என்றைக்கோ ஒரு நாள் புஸ் என்று சத்தம் கேட்கும், எல்லாரும் ஓடுவார்கள். அங்கே அனுப்பினால், அங்கே டக் பிரிக்காத கவுன். ரெண்டுக்கும் நடுவில் நாலு மணிச் சங்கு. நிழல் வாசற்படியைத் தாண்டி முறத்தடிக்கு வந்துவிட்டது, மூன்றரை ஆகியிருக்கும். அவள் ஊசியை எடுத்து மூன்றின் மேல்வளைவைத் தைக்க ஆரம்பித்தாள். வேறு இடத்தில் குத்தலாம் என்று பார்த்தாள், ஒரு நூல் தள்ளி. கை கேட்கவில்லை. பழைய துளைதான் வசதியாக இருந்தது.

மேல்வளைவு முடிந்து கீழ்வளைவுக்குத் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. போட்டுப் பார்க்கலாம். கனிக்கு இந்தக் கவுன் தொளதொளவென்று இருந்தால், அந்தப் பிள்ளை கனியைவிடப் பெரியவள், வளர்ந்துதான் விட்டிருக்கிறாள். பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளை சின்னது. என்ன கணக்கு இது, அவளுக்கே விளங்கவில்லை, டக் டக்தானே. ஆனாலும் “எந்திரி, போட்டுப் பாரு” என்றாள். நூலை அறுக்கவில்லை. கனி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள். கவுன் தலைவழியாக இறங்கியது. தோள் சரியாக உட்கார்ந்தது. கை சரியாக இருந்தது. நீளம் முழங்காலுக்கு நாலு விரல் கீழே, அளவெடுத்துத் தைத்த மாதிரி. நெஞ்சில் நாலும் பாதி மூன்றும், அதிலிருந்து தொங்கின சிவப்பு நூலின் முனையில் ஊசி ஆடிக்கொண்டிருந்தது. அச்சு அசல் எம்பிள்ளை அளவு. எட்டு வயசு, ஒன்பது வயசு. கனி சிரித்தாள், புதுத்துணி என்றால் போதும் அவளுக்கு. தோளிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தாள், இடுப்பு, மடிப்பு, ஓரம். ஓரத்தை மடக்கி உள்பக்கம் தடவினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“யம்மா, இங்க எழுத்து இருக்கு.”

“கவுன்ல என்ன எழுத்து?”

“இந்தா, தொட்டுப் பாரு. புள்ளி. ஒண்ணு, ரெண்டு, மூணு… அஞ்சு இருக்கு.”

தங்கபுஷ்பம் மண்டியிட்டு ஓரத்தைத் திருப்பினாள். எழுத்து இல்லை. முடிச்சு. அதே நீல நூலில், வெளியே தெரியாமல் டக்குக்கு உள்பக்கமாக, ஐந்து முடிச்சுகள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது; விரல் வைத்தால் மணி மணியாக நின்றது. கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அங்கே தொண்ணூறு பிள்ளைகளுக்கும் நீலம்தான். நெஞ்சில் இருக்கிற சிவப்பு எண் யாருக்கு? ஆயாவுக்கு, வாத்தியாருக்கு, கண் இருக்கிறவர்களுக்கு. தன் கவுன் எது என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதை ஒரே ஒரு தாய் யோசித்திருக்கிறாள். முகம் தெரியாத அவள், எங்கேயோ ஒரு வீட்டில், இதே மாதிரி ஒரு மத்தியானம், எண்ணைத் தைத்து முடித்துவிட்டு, பிறகு யாரும் சொல்லாமலே தன் பிள்ளையின் விரலுக்காக ஐந்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். காலையிலிருந்து ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிற தங்கபுஷ்பத்துக்கு அது தோன்றவே இல்லை. ஆறு வருஷம் கூடவே இருந்தும் தோன்றவில்லை. எண்ணைப் பிரித்தெடுத்த ஆயாவின் கண்ணுக்கும் இந்த முடிச்சு தப்பிவிட்டது. அவ்வளவு யோசித்த தாயின் பிள்ளைக்கே அங்கே அந்தக் கதி என்றால், என் பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்த நினைப்பு எழுந்து முடிவதற்குள் நாலு மணிச் சங்கு ஊதியது.

அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகவே கனியின் தோளைப் பிடித்தது, கால் தானாகவே உள்ளே நடந்தது, காலிப் பெட்டி மூட்டைகள் அதே மூலையில்தான் இருந்தன. பிள்ளை ரெண்டு வருஷம் வளர்ந்திருந்ததால் கொஞ்சம் குனிய வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. “யம்மா” என்று ஆரம்பித்த வாயைப் பொத்தினாள். “மூச்சுக் காட்டாத. சாமி சத்தியமா மூச்சுக் காட்டாத.” உள்ளங்கையில் கனியின் மூச்சு சூடாக இருந்தது. திரும்பி வந்து முறத்துப் பக்கத்தில் நிற்கவும், வாசலில் குடை மடங்கவும் சரியாக இருந்தது.

“என்ன தங்கபுஷ்பம், கிளம்பியாச்சா? உன் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துர்றேன்னு சொல்லிட்டார். கனி எங்கே?”

“அவ அத்த ஊருக்குப் போயிட்டாம்மா.”

சேவிகா அம்மா அவளைப் பார்த்தார். தரையில் ஈரம் காயாத பசை, ரெண்டு ஆள் உட்கார்ந்த தடம், துணியில் சுற்றாத பித்தளைத் தட்டு, மடித்து வைத்த புதுக்கவுன். ஒன்றுதான் இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

“இன்னொரு கவுன் எங்கேம்மா?”

“அது யாரோட கவுனு, சேவிகாம்மா?”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. நோட்டின் அட்டையை அவர் கட்டைவிரலால் நெருடிக்கொண்டிருந்தார். “எண்ணெல்லாம் பிரிச்சுட்டேன்னு ஆயா சொன்னா” என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “இசக்கின்னு பேரு. எட்டு வயசு. போன மழைக்குக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, காய்ச்சல். அவளோட சேர்த்து நாலு பிள்ளைங்க போயிட்டாங்க. நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன் அவளை. நான்தான் போய் அவ அம்மாகிட்டச் சொன்னேன்.” குடையை எடுத்து மறுபக்கம் வைத்தார். “துணிமணியக் கொடுத்தேன், வாங்கமாட்டேன்னுட்டா. வேற எந்தப் பிள்ளைக்காவது குடுங்கன்னா. அந்தக் கிணத்த மூடியாச்சு, தங்கபுஷ்பம். குழாய் போட்டாச்சு. நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா இந்தத் தெருவில யாரு பிள்ளைய அனுப்புவா, நீயே சொல்லு.”

தங்கபுஷ்பத்துக்கு இந்த அம்மாவை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. கிணற்றை மூடிவிட்டார்கள். மூடட்டும். இங்கே நெருப்பை யார் மூடுவார்கள்? அங்கே வேறு என்ன திறந்து கிடக்கிறதோ, அது யாருக்குத் தெரியும்? “எம்பிள்ள இங்க இல்ல” என்றாள்.

சேவிகா அம்மா தலையாட்டினார். கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து, பக்கத்தைத் தேடி, சட்டைப் பையில்லாததால் எப்போதும் கொண்டையில் சொருகி வைத்திருக்கிற பென்சிலை எடுத்தார். “அப்ப இல்லேன்னு எழுதிக்கிறேன். இன்னொரு தடவை இடம் வருமான்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

“எழுதாதீங்க” என்றது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கனியின் குரல்.

மூட்டைகள் சரிந்தன. காலிப் பெட்டிகள் கலகலவென்று தரையில் உருண்டன. கனி ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள், இன்னொரு கை கவுன் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நடுவீட்டுக்கு வந்து, வாசல் இருக்கிற திசைக்கு முகத்தைத் திருப்பி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நான் இங்கதான் இருக்கேன், சேவிகாம்மா. அப்பவும் இங்கதான் இருந்தேன்.”

பென்சில் நின்றது. கனியின் நெஞ்சிலிருந்து தொங்கின ஊசி ஆடியது. நடக்கும்போது கையில் குத்திவிடும், கண்ணில்கூடக் குத்திவிடும், அந்தக் கண்ணில் இனி என்ன குத்துவதற்கு இருக்கிறது என்றெல்லாம் தங்கபுஷ்பத்துக்கு ஓடியது. அவள் போய்ப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள். கழற்று என்று சொல்லலாம். கழற்றினால் பிறகு போட்டுவிட மாட்டாள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். உடம்பில் இருக்கிற துணியில் ஊசி போடக் கூடாது, உடுத்தினவர்களுக்கு ஆகாது. போட்டே தீர வேண்டுமென்றால் பல்லில் ஒரு துரும்பைக் கடித்துக்கொள்ள வேண்டும், அப்போது தோஷமில்லை. தரையில் தடவினாள். மருந்து தோய்க்காத ஒரு தீக்குச்சி கிடைத்தது. “கடிச்சுக்க” என்றாள். “விட்டுறாத.” கனி பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் மூன்றின் கீழ்வளைவைத் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் துணியை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாள், உள்ளே அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது விரலில் பட்டது. கண்ணீரில் துளை தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முடிச்சுப் போட்டு நூலை அறுத்தாள். ஊசியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதோடு குனிந்து கவுன் ஓரத்தைத் திருப்பினாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் சேவிகா அம்மா, மெதுவாக.

“ஒரு நிமிசம்” என்றாள் தங்கபுஷ்பம். ஐந்து முடிச்சுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் ஒன்று போட்டு, இறுக்கி, பல்லால் கடித்து அறுத்தாள். கனி பல்லில் குச்சியோடு பேச முடியாமல் நின்றாள். அவள் விரல் கீழே இறங்கி வந்தது. ஒன்று, ரெண்டு என்று தொட்டுக்கொண்டே போய், ஆறாவதில் நின்றது.